மஞ்சள் டேப்புக்குள் இரண்டு ஒயர்

கண்ணு,

போனில் நீ, "கல்யாணம் முடியட்டுங்கப்பா, அப்பறம் பேசிக்கலாம்" என்று சொன்னாய். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் எஸ்டேட்டில் ஆள் பேரும் கணக்கும் எழுதும் ரைட்டராக இருந்தவனுக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். பேசினால் நீ நடுவில் "அப்பா, அப்பா" என்று நிறுத்துவாய். உட்கார்ந்து முழுசாகப் படி. வாட்ஸ்அப்பில் வருவதைத் தள்ளிவிடுவது போல இதைத் தள்ளிவிடாதே.

போன வருஷம் ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலையில் நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, "ரெண்டு மக்கு ஊத்தித் துணியில தொடச்சாப் போதும் சாமி" என்றேன். நீ கேட்கவில்லை. "வருசத்துக்கு ஒரு நாளுதானுங்கப்பா, பளபளன்னு இருக்க வேண்டாமா?" என்று ஏரிப் பக்கத்து வாட்டர் வாஷ் கடைக்கு என் பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு அங்கே ஜீப்பும் வேனும் பைக்குமாக ஒரே வரிசை என்று நீயே வந்து சொன்னாய். கடைக்காரர் அவசரத்தில் நுரையை அடித்து, பம்ப்பின் முழு வேகத்தில் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீரைப் பாய்ச்சியிருக்கிறார். வண்டி என்னவோ புதுசு போலத்தான் நம் ஊர் கரடியூருக்கு வந்து சேர்ந்தது. அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள், நீ மாலை போட்டாய், நான் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஸ்டார்ட் செய்தாய், ஆனது. கியர் போட்டாய், நின்றது. பழம் நசுங்காமல் அப்படியே கிடந்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி கியர், மறுபடி நின்றது. நியூட்ரலில் நாள் முழுக்க ஓடத் தயாராக இருந்த இஞ்சின் முதல் கியரைத் தொட்டதும் செத்துப்போனது. வீடுவரை ஓடி வந்த வண்டிக்கு வாசலில் என்ன வந்தது என்று நீ முழித்தாய்.

நான்தான் சொன்னேன், "ஸ்டாண்டு சென்சார்ல தண்ணி போயிருக்கும்" என்று. வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் ஒரு தம்பி விளக்கமாகச் சொல்லிக் காட்டியிருந்தார். சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இஞ்சின் தானாக நின்றுவிடும், மறந்துபோய் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், ஸ்டாண்டு மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு மெக்கானிக் மணிக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட வெச்சுப்போட்டனுங்க. நாளைக்கு எடுத்ததும் மொத வண்டி உங்களுதுதானுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் வீட்டிலும் ஸ்பேனர், அரிவாள், காபிச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, என் பேனா, பேர் எழுதும் புத்தகம் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால்தான் இருந்தன. ஒரு நாள் பொறு என்றேன். நீ போனைப் பார்த்தபடியே நின்றாய். மலை அடிவாரத்துக் குப்பனூரில் உனக்காக யாரோ காத்திருந்தார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். உன் வருங்கால மாமனாரின் லேத்துப் பட்டறை பூஜைக்கு அந்தப் பெண் உன்னை முதல் முதலாக வரச் சொல்லியிருந்தாள். அந்த வயசில், அந்த இடத்தில், நானாக இருந்தாலும் தவித்திருப்பேன்.

நான் காபி குடிக்க உள்ளே போனேன். அரைமணி நேரம் கழித்து வந்தபோது நீ ஹெல்மெட்டோடு வண்டிமேல் இருந்தாய். கியர் போட்டாய், பழம் நசுங்கியது, வண்டி நகர்ந்தது. "என்ன பண்ணுனே?" என்று கேட்டேன். "தண்ணி காஞ்சிருச்சுங்கப்பா" என்றாய். கரடியூரில், அந்த மாசத்தில், அந்தப் பனிமூட்டத்தில், கொடியில் போட்ட பனியன் காய மூன்று நாள் ஆகும். ஆனாலும் நம்பினேன். நீ சொன்னதால் நம்பினேன். அன்றைக்குச் சாயங்காலம் என் ஷேவிங் பிளேடைக் காணோம் என்று தேடினேன். வீட்டில் பூஜைக்குப் போகாத கூர்மையான பொருள் அது ஒன்றுதான். தேடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருக்கிறது என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நான் அடிக்கடி எழுதுவேன், பொறுத்துக்கொள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாசம் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ரிட்டயர் ஆன பிறகும் பழத்துக்கு ஆள் விடும் நாளில் எஸ்டேட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். செம்மநத்தத்துப் பக்கம் காபிப் பழம் எடுக்க நாற்பது ஐம்பது பேர் இறங்குவார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் அத்தனை பேரையும், யாருடைய மருமகள் யார், யார் நேற்று வரவில்லை, எதற்காக வரவில்லை என்பதுவரை சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படி ஒரு நாள் காலையில் போகும் வழியில் மேஸ்திரியைப் பார்த்து, சைடு ஸ்டாண்டு போட்டு நின்று பேசினேன். ஆபீசிலிருந்து போன் வந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினேன். ஸ்டாண்டை எடுக்கவில்லை. மறந்தது நான்தான், அதை உன் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் மூன்று வருஷமாக நான் மறந்தபோதெல்லாம் அந்த வண்டி நின்று என்னைத் திட்டியிருக்கிறது, நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே ஸ்டாண்டை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது நிற்கவில்லை. முதல் வளைவு வலது பக்கம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது இடது பக்க வளைவு. வண்டி சாய்ந்ததும் ஸ்டாண்டு தரையில் குத்தித் தூக்கி எறிந்தது. வண்டி காபிச் செடிக்குள் போனது, நான் ஒரு சில்வர் ஓக் மரத்தில் போய் மோதி நின்றேன். அந்த மரம் இல்லாவிட்டால் கீழே பள்ளம். காறை எலும்பு முறிந்ததோடு போனது.

சேலத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன்னிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஏன் கண்ணு நிக்கல?" என்பதுதான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எது நிக்கோணும்ங்கப்பா?" என்றாய். சென்சார் என்றேன். "இந்த மாடல்ல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதுங்கப்பா. நீங்க ஷோரூம்ல வேற வண்டியப் பாத்ததப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க" என்றாய். அப்படியானால் ஆயுத பூஜை அன்று? "அன்னிக்குப் ப்ளக்ல தண்ணி." மூன்று வருஷமாக நின்று நின்று போனதே? "கிளட்சை டக்குனு உட்டா எந்த வண்டியும் நிக்கும்ங்கப்பா." எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது. இத்தனை சீக்கிரம் பதில் வருகிறதே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் நீ அழுதுகொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை, அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்தாய். உடைந்த கண்ணாடியையும் லீவரையும் மணியிடம் விடாமல் நீயே மாட்டியிருந்தாய். அப்பாமேல் பிள்ளைக்கு எத்தனை பாசம் என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மாவையும் கூப்பிட்டு நிற்க வைத்தாய். ஸ்டாண்டைக் கீழே தள்ளிவிட்டு, வண்டிமேல் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கியர் போட்டாய். இஞ்சின் நிற்கவில்லை. "பாத்துக்கங்க" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கண்ணுக்கு எதிரே ஓடுகிற வண்டியைப் பார்த்த பிறகு நான் யாரை நம்புவது? என் தலைக்குள்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சென்சாரின் இரண்டு ஒயரையும் வெட்டி ஒன்றாக முறுக்கிய கை, அந்த ஹேண்டில்பாரில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நீ பக்கத்தில் இருந்து பார்த்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். ஞாபகசக்திக்கு என்று சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார், பதினொன்று பத்துக்கு முள் போடச் சொன்னார். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஐம்பது பேரைப் புத்தகம் இல்லாமல் சொன்னவன், ஐந்து வார்த்தைக்குத் தடுமாறி உட்கார்ந்திருந்தேன். ஒன்று விட்டுப்போனது. அந்த வார்த்தை "கதவு". இப்போது நினைவிருக்கிறது, அன்றைக்குப் பயத்தில் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் நீ இருந்தாய். வண்டியில் சென்சார் இருந்தது என்று தெரிந்துகொண்டே, நான் கடிகாரம் வரைவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நான் கீழே விழுந்ததைக்கூட மன்னித்துவிடுவேன் கண்ணு. அந்த நாற்காலியில் நீ பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

வயசுக்கு ஏற்ற மறதிதான், கவனமாக இருங்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டால் அம்மா முகம் மாறும். எல்லா மனுஷனும் கண்ணாடியைத் தேடுகிறவன்தானே? காஸ் அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே வருவாள். ஞாயிறு, திங்கள் என்று எழுதிய மாத்திரை டப்பா வந்தது. எஸ்டேட்டுக்கும் செய்தி போனது, யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. "ஓய்வா இருங்க ரைட்டர்" என்று மேனேஜர் அன்பாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டார். வண்டிச் சாவியை அம்மா வாங்கிக்கொண்டாள். நானே எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் உண்மை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீ வேலை செய்யும் ஊரிலிருந்து வரவில்லை. ஓட்டாவிட்டாலும் வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். பக்கெட்டும் துணியுமாக உட்கார்ந்து நானே கழுவினேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துணி எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தால் மஞ்சள் டேப். பிசின் விட்டு நுனி தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே இரண்டு ஒயர், வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு. மறுபக்கம் ஸ்டாண்டிலிருந்து வருகிற ஒயர் எதிலும் சேராமல் அந்தரத்தில் நின்றது. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் அதைப் புரிந்துகொள்ள வேலை தெரிய வேண்டியதில்லை. ஸ்டாண்டு எப்படி இருந்தாலும் வண்டி ஓடட்டும் என்று சென்சாரை விலக்கி வைத்த கட்டு அது. எனக்குப் பைத்தியம் இல்லை என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. நீ வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கொண்டு வரும் டேப்தான் மஞ்சள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என் டப்பாவில் இருப்பது கறுப்பு.

பூஜைக்கு மறுநாள் மணி வந்தார். அம்மா சாவியை என்னிடம் தரவில்லை, அவர் கையில்தான் கொடுத்தாள். அவர் செய்ததை எழுதுகிறேன், நீ அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். முறுக்கைத் துண்டாக வெட்டியெடுத்து என் கையில் கொடுத்தார். ஸ்டாண்டு ஒயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றினார், உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. சின்ன பிரஷ்ஷில் தேய்த்து, ஸ்பிரே அடித்து, காற்றடித்துக் காய வைத்தார். கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினார். ஒயரைச் சரியாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினார். ஸ்டாண்டைக் கீழே தள்ளிக் கியர் போட்டார், இஞ்சின் நின்றது. மேலே தூக்கிக் கியர் போட்டார், ஓடியது. நாலு தடவை செய்து காட்டினார். "சென்சார் நல்லாத்தானுங்க இருக்குது. அன்னிக்குத் தண்ணிதானுங்க கோளாறு. ஒரு மணி நேர வேலைங்க" என்றார். ஒரு மணி நேரம், சாமி. அதற்குப் பதிலாக நீ என்னிடமிருந்து ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டாய்.

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். மணி வெட்டிக் கொடுத்த அந்த முறுக்குத் துண்டை அம்மாவிடம் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் சொல்வது போல, "ஏனுங்க, பையன் எதுக்குங்க இப்பிடிப் பண்ணப் போறான்? நீங்களே எப்பவோ வெட்டிக் கட்டிப்போட்டு மறந்திருப்பீங்க" என்றாள். மணி தரையைப் பார்த்தார். டேப் மஞ்சள் என்றேன். பிளேடைத் தேடினேன் என்றேன். "செரிங்க, செரிங்க, நொம்ப நேரம் நின்னுட்டீங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வருஷமாக அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் நம்புகிறாள். நான் எதை நினைவுபடுத்திச் சொன்னாலும் அது செல்லாது என்று ஆக்கி வைத்திருக்கிறாய். என் கையில் சாட்சி இருந்தும் நான் சொன்னால் எடுபடாது.

அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்துக்குப் போய் நின்று உனக்குப் போன் போட்டேன். "நீ ஒயரை வெட்டுனியா கண்ணு?" என்று மட்டும்தான் கேட்டேன். உன் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இல்லை என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை மறுபடியும் நம்பித் தொலைத்திருப்பேன். நீ கல்யாணம் முடியட்டும் என்றாய்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று யோசிக்காமல் இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரியில் பயந்துவிட்டாய். பயத்தில் ஒரு பொய் சொன்னாய், பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். நீ நாலாவது படிக்கும்போது எஸ்டேட் மழைமானி கவிழ்ந்து கிடந்தது என்று ஒரு பெரிய சத்தம் நடந்ததே, நினைவிருக்கிறதா? காலையில் மழை அளவு எடுத்து எழுத வேண்டியது என் வேலை. அன்றைக்குப் போகாமல் தூங்கிவிட்டேன். அப்போதிருந்த எஸ்டேட் துரை கேட்டபோது, பையன் விளையாடும்போது தட்டிவிட்டான் என்று சொல்லிவிட்டு, வந்து நானே அதைக் கவிழ்த்து வைத்தேன். அவர் முன்னால் உன்னை ஓர் அடியும் அடித்தேன். நீ முதலில் "நான் தொடவே இல்லீங்கப்பா" என்று அழுதாய். ராத்திரி படுக்கும்போது, "ஓடறப்போ கால் பட்டிருக்கும்ங்கப்பா" என்றாய். செய்யாததைச் செய்ததாக நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய். நான் சும்மா போர்வையை இழுத்துவிட்டேன். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நீ அதைத் தொடவில்லை. உன் கால் படவில்லை. என்னை மன்னித்துவிடு. இதற்கு அது சரியாகப் போயிற்று என்று சொல்ல இதை எழுதவில்லை. சரியாகப் போகவில்லை. ஆனால் அந்த ராத்திரி உனக்கு எப்படி இருந்தது என்பது எனக்கு இந்த ஒரு வருஷத்தில்தான் தெரிந்தது.

நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளிடம் இதைச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். ஆனால் உனக்கு ஒன்று சொல்வேன். ஒரு வீட்டில் கூட இருக்கிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தேன், கேட்டேன் என்று சொன்னால், அது உனக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருந்தாலும், "அப்படி ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொல்லாதே. திட்டு, சண்டை போடு, கோபித்துக்கொண்டு வெளியே போ. அவர்களுடைய கண்ணையும் காதையும் பிடுங்கிக்கொள்ளாதே.

எனக்கு நீ காலில் விழ வேண்டாம். மாமனார் வீட்டில் சொல்ல வேண்டாம். எஸ்டேட்டுக்கு நான் திரும்பப் போகப்போவதும் இல்லை. அம்மாவுக்குப் போன் போடு. "ஆயுத பூஜை அன்னிக்கு நாந்தாம்மா ஒயரை வெட்டுனேன், அப்பா சொன்னது நெசம்" என்று சொல். அவ்வளவு போதும். உன் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள், என் வாயால் கேட்டால் மாத்திரை டப்பாவைத் தேடுவாள்.

சாவி அவள் முந்தானையில் இருக்கிறது. வண்டி துடைத்து, பொட்டு வைத்து, வாசலில் நிற்கிறது. கல்யாணத்தன்று காலையில் குப்பனூர் ரோட்டில் நான் இறங்கி வருவேன். என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருவேனா, இல்லை வேனில் ஜன்னலோரம் உட்கார வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் "அவருக்குக் கொஞ்சம் ஞாபகமறதிங்க" என்று அம்மா மெதுவாகச் சொல்ல, மாத்திரை டப்பாவோடு வந்து இறங்குவேனா என்பது நீ போடும் ஒரு போனில் இருக்கிறது.

எதையும் மறக்காத,
உன் அப்பா